பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

என் இணையத்தளம் நான்கு மாதமாக ஆயத்தமாகவே கிடந்தது. முகப்பு முடிந்துவிட்டது. பதினெட்டுக் கட்டுரைகளை ஏற்றியாகிவிட்டது. எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி எல்லாவற்றையும் போனில் பார்த்துச் சரிசெய்தாகிவிட்டது. 'என்னைப் பற்றி' என்ற ஒரு பக்கம்தான் மிச்சம். அதைத் திறந்தால் மேலே தலைப்பு இருக்கும், கீழே வெள்ளை. என் மருமகன், தம்பியின் மகன், கணினி படிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்கு இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தவன். ஒவ்வொரு முறையும் போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பான்: "மாமி, ரெண்டு வரிதானே. நீங்கள் ஆர், என்ன செய்யிறீங்கள். அவ்வளவும் போதும்." ஓம், இந்தக் கிழமை எழுதிவிடுகிறேன் என்பேன். அவன் படியிறங்கிய பிறகு அந்த வெள்ளையைத் திறந்துவைத்துக்கொண்டு கனநேரம் இருப்பேன்.

ஒருவரைப் பற்றி எழுதுவது எனக்குப் பழகிய வேலை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் 1999ஆம் ஆண்டிலிருந்து தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனால் கடைக்குக் கஞ்சி ஊற்றுவது கல்வெட்டுத்தான், இறந்தவரின் நினைவாக அச்சடிக்கிற சின்னப் புத்தகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குள் அச்சாகிக் கையில் கிடைக்கவேண்டும் என்பதால் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சில நாளிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு கொப்பித் தாளில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள். ஒரு கடித உறைக்குள் படம். பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த படம். "அவரைப் பற்றி நீங்களே ஒரு மாதிரி எழுதிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அழுது ஓய்ந்த வீட்டில் யாருக்கும் வசனம் வராது. ஆகவே தேவாரம், திருவாசகம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாவற்றோடும் சேர்த்து வாழ்க்கை வரலாற்றையும் நானே எழுதுவேன். இறந்த ஆண்டும் மாதமும் பிறையும் திதியும் நான்கு அடிக்குள் அடங்கவேண்டிய திதி வெண்பாவுக்கு மட்டும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் போவோம்.

வரலாற்றின் முதல் வசனத்தை நான் யோசிப்பதில்லை. "...ஐப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட..." என்று விரல் தானாகவே போடும். அது விழுந்த பிறகு மிச்சம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இளமையிலேயே கல்வியில் ஆர்வம் மிக்கவராய், பழகுவதற்கு இனியவராய், விருந்தோம்பலிற் சிறந்தவராய். இந்தச் சொற்களை ஒருபோதும் இளக்காரமாக நினைத்ததில்லை. துக்க வீட்டுக்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். எல்லாரும் பிடித்துப் பிடித்து வழுவழுப்பான கம்பி என்றாலும் அது தாங்கும். ஆனால் என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் விரல் அந்தக் கம்பியைத்தான் தேடிப் போனது. யாழ்ப்பாணம் மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும். அழித்தேன். மறுநாளும் அதுவே வந்தது.

எதற்கு இந்தத் தளம்

இரவில் கடை பூட்டுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் எனக்கென்று எழுதுவது பழைய பழக்கம். வெள்ளவத்தைச் சந்தை, ஒழுங்கைகளில் மாறிப்போன வீடுகள், எங்கள் ஊரில் புழங்கி இங்கே மறந்துபோன சொற்கள் என்று சின்னச் சின்னக் கட்டுரைகள். முதலில் அவை சீடீக்களில் இருந்தன. பிறகு எல்லாரையும் போல நானும் ஒரு சமூக ஊடகத்தில் போட்டுவந்தேன். வாசித்தார்கள், கதைத்தார்கள், சந்தோசமாகத்தான் இருந்தது. ஒருநாள் காலையில் உள்ளே போக முடியவில்லை. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரி. காரணம் இல்லை. முறையிட்டேன், அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். பதில் வரவேயில்லை. மூன்று வருடத்து எழுத்து அதற்குள். சிலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது, அங்கேயே நேரடியாக எழுதியவை. கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், கனடாவில் இருக்கும் தன் அக்கா அவற்றில் இரண்டை அச்செடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி, அவற்றைப் படமெடுத்து அனுப்பச் செய்தார். அந்தப் படங்களைப் பார்த்து என் எழுத்தையே நான் திரும்பத் தட்டச்சுச் செய்தேன். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். என் எழுத்து இனி என்னிடம் கோப்பாக இருக்கவேண்டும், என் பெயருள்ள முகவரியில் இருக்கவேண்டும்.

மருமகன் ஆயத்த வார்ப்புரு ஒன்றை எடுத்துப் போடலாம் என்றான். நான் மறுத்தேன். இருபத்தைந்து வருடம் பக்கம் கட்டிய ஆள் நான், என் பக்கத்தை நானே கட்டவேண்டும் என்று இருந்தது. எச்.டி.எம்.எல் நினைத்த அளவு கடினமில்லை. இது தலைப்பு, இது பந்தி, இது இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் குத்துவதுதான், ஒப்புநோக்கும்போது ஓரத்தில் குறியிடுவது போல. கடினம் வேறிடத்தில் இருந்தது. பேஜ்மேக்கர் என்ற அச்சுப்பக்க மென்பொருளில் ஒரு பக்கத்தின் அகலம் எனக்குத் தெரியும். எந்தச் சொல் எந்த வரியில் முடியும் என்பது என் கையில். இங்கே அகலம் வாசிக்கிறவரின் போனுக்குள் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓரம் சமமாக வரும்படி கட்டினேன், கடைக் கணினியில் புத்தகம் மாதிரி அழகாக இருந்தது. போனில் பார்த்தால் 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்கு ஓடிப்போக, மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றன. தமிழ்ச் சொல்லின் நீளத்துக்கு ஒடுங்கிய திரையில் ஓரச் சமன் ஒத்துவராது. இடப்பக்கம் மட்டும் நேராக விட்டேன். வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்குப் போதுமானதைவிடக் கூட்டினேன். மேல் வரியின் 'கு', 'ஞு' கீழே இறங்கி வருகிற இடத்தில்தான் கீழ் வரியின் மெய்க் குற்றும் இகர விசிறியும் மேலே ஏறி நிற்கின்றன. எழுத்தளவின் ஒன்றே முக்கால் மடங்கு வைத்த பிறகுதான் அம்மா கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் வாசித்தார்.

கொழும்பு இல்லாத தளம்

பழைய சீடீக்களைத் திறந்தபோது எதிர்பார்த்த கரைச்சல் வந்தது. எல்லாம் பாமினி எழுத்துரு. நான் தட்டச்சுப் படித்ததே பழைய தட்டச்சுப் பொறியின் வரிசையில். நடு வரிசையில் ய, ள, ன, க, ப, அரவு (ா), த, ம, ட, கடைசியில் குற்று. பாமினியும் அதே வரிசை என்பதால் விரலுக்குச் சுகம். ஆனால் அந்த எழுத்துரு திரையில் தமிழைக் காட்டியதே தவிர, கணினியின் நினைவில் போய் உட்கார்ந்தது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று நான் அடித்தபோதெல்லாம் அது எழுதி வைத்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும்வரை அம்மா. இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள் மட்டும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு யூனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் பேஜ்மேக்கருக்கு அது புரியாது, அச்சகங்களுக்குப் பேஜ்மேக்கர்தான் தெரியும். அதனால் எங்களைப் போன்ற கடைகளில் அடித்தது எல்லாம் வருடக்கணக்காக இப்படியே கிடக்கிறது. இந்த நகரத்தில் எத்தனை கடைகளின் சீடீக்களில் எத்தனை பேருடைய வாழ்க்கை வரலாறு எம், கே, அரைப்புள்ளியாகப் படுத்திருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். அச்சான பிரதிகளுக்காவது வழி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நினைவு மலர்களையும் வருடி எடுத்து எண்ணிம நூலகத்தில் சேர்த்துவருகிறது. தாளுக்கு எழுத்துரு தேவையில்லை. நான் பத்திரமாக வைத்திருப்பதாக நம்பிய கோப்பைவிட, வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அந்த மெல்லிய புத்தகம் திடமாக இருந்திருக்கிறது.

எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோட்டாக்கினேன். நடுவில் ஆங்கிலச் சொல் வந்த இடங்களை அது விளங்காத தமிழாக்கித் தந்தது. அதை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த இரண்டு மாதம் போயிற்று. அப்புறம் மருமகன் தளத்தில் ஒரு தேடற்பெட்டி வைத்துத் தந்தான். ஆசையாக முதற்சொல்லாகக் 'கொழும்பு' என்று அடித்தேன். எதுவும் இல்லை என்று வந்தது. பதினெட்டுக் கட்டுரையில் பதினாறில் கொழும்பு இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். 'வெள்ளவத்தை' அடித்தேன், வந்தது. 'பம்பலப்பிட்டி' வந்தது. 'கொட்டாஞ்சேனை' வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டுக்கும் முதலெழுத்து 'கொ'. யூனிகோட்டில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், இல்லையென்றால் கொம்பை (ெ) தனியாகவும் அரவை (ா) தனியாகவும் போடலாம். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது. மாற்றி எனக்குத் தந்தது இரண்டாவது வகை, என் விசைப்பலகை இப்போது அடிப்பது முதல் வகை. தேடற்பெட்டிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். எழுத்துக்கோப்பவர் கொம்பையும் அரவையும் தனித்தனி அச்சாக எடுத்து ககரத்தின் இருபுறமும் அடுக்கிய காலத்துப் பழக்கம் கணினிக்குள்ளும் வந்து நின்றிருக்கிறது. மருமகனிடம் சொன்னேன். இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது மாமி என்று, இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் ஒரு வரியைச் சேர்த்தான். மறுபடி அடித்தேன். பதினாறு.

நிரந்தர முகவரி

முகவரியை ரோமன் எழுத்தில் வைக்க எனக்கு மனமில்லை. 2010இலிருந்து '.இலங்கை' என்ற முடிவோடு தமிழிலேயே முகவரி எடுக்கலாம். எடுத்தேன். என் பெயர், ஒரு புள்ளி, இலங்கை. அதை முதன்முதலாகப் போனில் அடித்துத் திறந்தபோது அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. சரி, அம்மாவுக்கு அனுப்புவோம் என்று இணைப்பைப் பிரதிசெய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினேன். போய் விழுந்தது எக்ஸ், என், இரண்டு இடைக்கோடு, அதன்பின் தலைகால் புரியாத எழுத்தும் இலக்கமும். இணையத்தின் பெயர்ப் பதிவேடு அடிமட்டத்தில் ஏ முதல் இசட் வரையுள்ள எழுத்தையும் இலக்கத்தையும் இடைக்கோட்டையும்தான் அறியும். மற்ற மொழிப் பெயர்களை அதற்குள் மடித்து வைக்கும் முறைக்குப் பியூனிகோட் என்று பெயர், 2003இல் வகுத்தது. வெளியே தமிழ், உள்ளே ஆங்கிலம். இரண்டு மாதம் பாமினியிலிருந்து பிடுங்கியெடுத்த எழுத்துக்கு மறுபடியும் அதே உடுப்பா என்று அன்றைக்கு மனம் விட்டுப்போனது.

பிறகு யோசித்தேன். இரண்டும் ஒன்றில்லை. பாமினியைப் படிக்க அந்த ஒரு எழுத்துரு வேண்டும், அது இல்லாத இடத்தில் தமிழ் இல்லை. பியூனிகோட் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. எந்த ஊர்க் கணினியிலும் விரித்தால் அதே தமிழ்ப் பெயர் வரும், ஓர் எழுத்துக் குறையாது. ஆகவே முகவரியை மாற்றவில்லை. பெயரட்டையிலும் தமிழிலேயே அச்சடித்திருக்கிறேன்.

இந்த முகவரி விசயம் எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தது என்று வாசிக்கிறவர்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் போரால் மயிலிட்டியை விட்டுக் கிளம்பியபோது எனக்கு பதின்மூன்று வயது. 95இல் இன்னொரு இடப்பெயர்வு. 96இல் கொழும்பு. இங்கே ஒன்பது வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் பொலிஸ் பதிவு. எல்லாப் படிவத்திலும் 'தற்காலிக முகவரி', 'நிரந்தர முகவரி' என்று இரண்டு கட்டம். நிரந்தர முகவரிக் கட்டத்தில், போய்ப் பார்க்கவே முடியாத ஒரு வீட்டின் முகவரியை அப்பா ஒவ்வொரு முறையும் முத்து முத்தாக எழுதுவார். 2004இல் அவர் போனபோது அவருடைய கல்வெட்டை நான்தான் கட்டினேன். மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும். எட்டு வருடம் வாடகைக்கு இருந்த ஊரை வதிவிடம் என்று போட்டதை அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 2017இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை இராணுவம் திறந்துவிட்டபோது அம்மாவும் நானும் போனோம். கிணறு இருந்தது. வீடு இருந்த இடத்தில் ஆமணக்கு நின்றது.

இணைய முகவரிக்கும் வருடாவருடம் காசு கட்டவேண்டும், கட்டாவிட்டால் போய்விடும். அதையும் நான் அறிவேன். ஆனாலும் கட்டுகிற காலம்வரை அதில் என் பெயர் இருக்கும், அதற்குள் என்ன இருக்கவேண்டும் என்பதை நான் சொல்லலாம். எனக்கு அது பெரிது.

அம்மா வாசித்த மாதிரி

நான்காவது மாதம் மருமகன் வேறொரு வழியில் வந்தான். "மாமி, உலகத்தில முதன்முதல் வந்த இணையத்தளத்தைப் பார்த்திருக்கிறீங்களோ?" என்று போனை நீட்டினான். டிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் செய்தது. 1991 ஆகஸ்ட் 6ஆம் திகதி வெளியாட்களுக்கு அறிவித்தது. வெறும் எழுத்தும் இணைப்புகளும். படமில்லை, நிறமில்லை. அந்தப் பக்கம் சொல்வதெல்லாம் இந்த வலை என்றால் என்ன, யார் செய்கிறார்கள், எப்படிச் சேரலாம் என்பதைத்தான். "பாருங்கோ, முதல் தளமே ஒரு 'எங்களைப் பற்றி'தான். அவங்கள் எழுதினவங்கள்தானே" என்றான். அந்தத் திகதியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த போயா விடுமுறையன்று ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். பிறப்பிடம், வதிவிடம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். 'இளமையிலேயே தமிழில் ஆர்வம் மிக்கவராய் விளங்கிய இவர், அச்சுத் துறையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேவையாற்றி, பழகுவதற்கு இனியவராய், அனைவரதும் அன்பைப் பெற்றவராய்...' என்று ஒரு பந்தி. ஒப்புநோக்கினேன், பிழையில்லை. ஏற்றினேன். கட்டிலில் இருந்த அம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன்.

அம்மா எதையும் வாய்க்குள் முணுமுணுத்துத்தான் வாசிப்பார். குசினியில் நின்று அந்த முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நின்றுவிட்டது. கேத்தில் கொதித்து ஓய்ந்த பிறகும் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பிள்ளை, செத்த ஆக்களுக்கு எழுதிற மாதிரி எழுதியிருக்கிறாய்?"

இது வழக்கமாக எழுதுகிற நடை, இப்படித்தான் எழுதுவது என்று ஏதோ சொன்னேன். அம்மா கேட்கவில்லை. அவர் வாசித்த கல்வெட்டுகள் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அவைதான். சொந்தக்காரர், ஊர்க்காரர், அப்பாவோடு கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலைசெய்தவர்கள். மாலையில் ஒன்றை எடுத்து வம்சாவளியில் விரலை வைத்து யார் யாருக்கு என்ன முறை என்று பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வசனம் எங்கே வரும் என்பது என்னைப் போலவே அவருக்கும் பாடம். தேத்தண்ணியை வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு, கோபமேதும் இல்லாமல், கடைக்குப் போகும்போது தேங்காய் வாங்கி வா என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"எனக்கு நீ எழுதேக்க நான் வாசிக்கப் போறதில்லை. உன்ரையை எண்டாலும் வாசிக்கிறன். வடிவா எழுது."

எனக்குக் கை ஓடவில்லை. அவருக்கு 74 வயது. தனக்கும் நான்தான் எழுதப்போகிறேன் என்பதை அவர் நிச்சயமாக எடுத்துக்கொண்டிருக்கிறார், எத்தனையோ வருடமாக. நானும் என்னையறியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கொப்பித் தாளும் கடித உறையும் ஒருநாள் எங்கள் வீட்டிலிருந்தே கடைக்கு வரும், நானே எனக்கு நீட்டவேண்டியிருக்கும். இத்தனை வருடம் நான் எழுதிய எந்த ஒரு வரலாற்றையும் அதற்குரியவர் வாசித்ததில்லை. இதில நான் அப்படிச் சொல்லேல்லையே, அந்த வருசம் அது நடக்கேல்லையே என்று யாரும் வந்து சொன்னதில்லை. பேரப்பிள்ளை ஒருத்தியின் பெயர் வம்சாவளியில் விடுபட்டு, முந்நூறு பிரதிகளிலும் சின்னத் துண்டுத் தாளை வெட்டி வெட்டி ஒட்டிக் கொடுத்த ஒரு முறையைத் தவிர, அச்சான பிறகு எதையும் நான் திருத்தியதில்லை. முடிந்துபோனதை எழுதுகிறபடியால் இறந்தகாலம் சரியாக இருந்தது. முடியாத ஒன்றை எழுத என் விரலுக்கு வசனம் தெரியாது.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நீ சரை வாசிச்சதை எழுது" என்றார்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். அப்பா சங்கக் கடையிலிருந்து வரும்போது சாமான்கள் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய சரையில் வரும். அம்மா சாமானைப் போத்தலில் கொட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நிற்பேனாம். கொட்டியதும் சரையைப் பறித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கிணற்றுக் கட்டின்மேல் வைத்து உள்ளங்கையால் நீவி விரித்து, எழுத்துக்கூட்டி வாசிப்பேனாம். செய்தியாக இருக்கும், கதையாக இருக்கும், பாதியில் கிழிந்திருக்கும். மிச்சத்தைக் கேட்டு அப்பாவிடம் அழுவேனாம். மறுநாள் அப்பா கடையில் தாள்க் கட்டைக் கிளறி, அதே பக்கத்தின் மற்றத் துண்டைத் தேடுவாராம். சில நாள் கிடைக்குமாம். சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. கட்டின் ஈரம். தாளின் மடிப்பில் ஒட்டியிருந்த தூள். 'தொடர்ச்சி 7ஆம் பக்கம்' என்று முடிகிற தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் பக்கத்துக்காக நின்றது.

அன்றிரவு பழைய பந்தியை முழுக்க அழித்தேன். அம்மா சொன்ன ஒழுங்கிலேயே எழுதினேன். மயிலிட்டி அதில் இருக்கிறது, கிணற்றோடு. வெள்ளவத்தை இருக்கிறது, நான் தினமும் இறங்குகிற ஒழுங்கையோடு. பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்பது இல்லை. எழுதுகிறேன், இருக்கிறேன், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வினைகள் எல்லாம் நடந்துகொண்டிருந்தன. கோப்பை ஏற்றி முகவரியைத் திறந்துவிட்டபோது மணி பதினொன்றரை. மருமகனுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன்.

விடிய, தேத்தண்ணியோடு போனை அம்மாவிடம் கொடுத்தேன். முணுமுணுப்புத் தொடங்கியது. இந்த முறை குசினிக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். இரண்டாவது பந்தியில் நின்றார்.

"சீனிச் சரை எண்டு போட்டிருக்கிறாய். சீனி சரையில வாறேல்லை, தாள் ஊறிப்போகும். பருப்பு."

கணினியைத் திறந்து, 'சீனி'யை எடுத்துவிட்டுப் 'பருப்பு' என்று போட்டு ஏற்றினேன். அரை நிமிடமும் ஆகவில்லை. "இப்ப பாருங்கோ" என்றேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "இப்பவும் சீனிதான் கிடக்கு." போன் பழைய பக்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது என்று சொல்லி, திரையை விரலால் கீழே இழுத்து விடச் சொன்னேன். இழுத்தார். வட்டம் ஒன்று சுற்றி நின்றது.

"ம். பருப்பு" என்றவர், விட்ட இடத்திலிருந்து மேலே வாசிக்கத் தொடங்கினார்.